மூன்று மேசைக்கரண்டி மிளகாய்த்தூளும் ஒரு சட்டி சில்லியும்

அக்டோபர் பாதி தாண்டினால் கொலம்பஸில் மேப்பிள் மரமெல்லாம் சிவந்துவிடும். அலுவலகத்திலும் யாராவது ஒருவர் "இந்த வெள்ளிக்கிழமை சில்லி போடலாமா?" என்று ஆரம்பித்துவிடுவார். சில்லி என்றால் இங்கே மிளகாய் அல்ல, கறியும் பீன்ஸும் தக்காளியும் மிளகாய்ப்பொடியும் சேர்த்துக் கொதிக்கவைக்கும் ஒரு கெட்டிக் குழம்பு. ஓஹையோவுக்கு வந்த முதல் வருடம் எனக்கும் ஆசை வந்தது. ராஜ்மாவில் கொத்துக்கறி போட்ட மாதிரிதானே, இதில் என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். இணையத்தில் கிடைத்த ஒரு செய்முறையைத் திறந்து வைத்து வரிக்கு வரி செய்தேன். "சில்லி பவுடர், மூன்று மேசைக்கரண்டி" என்று இருந்தது. அம்மா மில்லில் அரைத்து, இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி அனுப்பிய மிளகாய்த்தூள் இருந்தது. மூன்று கரண்டியும் போட்டேன்.

வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் ஃப்ரிட்ஜிலிருந்து தயிர் டப்பாவை எடுத்து நின்றபடியே அரை டப்பாவைக் காலி செய்தார். பிறகுதான் விக்கல் வந்தது. சர்க்கரை, தக்காளி, உருளைக்கிழங்கு என்று என்னென்னவோ போட்டுப் பார்த்தேன். ஒரு சட்டி இரண்டு சட்டியானது, காரம் மட்டும் குறையவில்லை.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கடையில் 'சில்லி பவுடர்' என்று விற்பது நம் மிளகாய்த்தூள் அல்ல. அது ஒரு மசாலாப் பொடி. காரம் குறைந்த மிளகாய், சீரகம், ஓரிகானோ, பூண்டுப்பொடி, சில கம்பெனிகளில் உப்பும் சேர்ந்திருக்கும். நமக்குக் குழம்புப்பொடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். டெக்சஸில் வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியர் 1890களில் இப்படி ஒரு பொடியைப் புட்டியில் அடைத்து விற்க ஆரம்பித்தார். வருடம் முழுக்க மிளகாய் கிடைக்காத ஊர்களிலும் சில்லி பரவியதற்கு அந்தப் பொடி ஒரு பெரிய காரணம்.

பொடியை நான் இப்போது வீட்டிலேயே கலக்கிறேன். காஷ்மீரி மிளகாய்த்தூள் 1 மேசைக்கரண்டி, இனிப்புப் பாப்ரிகா 1 மேசைக்கரண்டி, வறுத்து அரைத்த சீரகம் 2 தேக்கரண்டி, ஓரிகானோ 1 தேக்கரண்டி, பூண்டுப்பொடி அரைத் தேக்கரண்டி. மெக்சிகன் கடை பக்கத்தில் இருந்தால் பாப்ரிகாவுக்குப் பதில் ஆஞ்சோ மிளகாய்ப்பொடி வாங்குங்கள். பொப்லானோ மிளகாயைப் பழுக்கவிட்டுக் காயவைத்தால் அதுதான் ஆஞ்சோ. முகர்ந்தால் கிட்டத்தட்ட உலர்திராட்சை வாசனை வரும். கரம் மசாலா மட்டும் வேண்டாம். போட்டால் ருசியாகத்தான் இருக்கும், ஆனால் அது ராஜ்மா மசாலா ஆகிவிடும்.

தேவையானவை (ஆறு பேருக்கு)

சிவப்பு ராஜ்மா 1 கப், அல்லது இரண்டு டின். அரைத்த வான்கோழிக் கறி 1 பவுண்டு, அதாவது 450 கிராம். மாட்டுக்கறி சாப்பிடுபவர்கள் அதையே போடலாம், இந்த ஊரில் அதுதான் வழக்கம். பெரிய வெங்காயம் 1, பச்சைக் குடைமிளகாய் 1, பூண்டு 5 பல். மேலே சொன்ன பொடி முழுவதும். தக்காளி பேஸ்ட் 2 மேசைக்கரண்டி. நொறுக்கிய தக்காளி 28 அவுன்ஸ் டின் 1. பட்டர்நட் பரங்கிக்காய் அரை அங்குலத் துண்டுகளாக 2 கப். தண்ணீர் ஒன்றரை கப். எண்ணெய், உப்பு, கடைசியில் பிழிய ஒரு எலுமிச்சை. கோகோ பவுடர் 1 தேக்கரண்டி, இருந்தால்.

பரங்கிக்காய் கட்டாயமில்லை. ஆனால் இந்த மாதத்தில் எந்தக் கடைக்குப் போனாலும் வாசலிலேயே குவித்து வைத்திருக்கிறார்கள், அதன் இனிப்பு மிளகாய்க்கு நன்றாக ஒத்துப்போகிறது.

சட்டி

எல்லாம் ஒரே சட்டியில்தான். அடி கனமான, 5 அல்லது 6 குவார்ட், அதாவது சுமார் 5 லிட்டர் பிடிக்கும் சட்டி வேண்டும். எனாமல் பூசிய வார்ப்பிரும்புச் சட்டிதான் என் தேர்வு. பூச்சு இல்லாத வெறும் இரும்புச் சட்டியில் தக்காளியை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் இரும்பு வாசனை ஏறும், பழக்கிவைத்த எண்ணெய்ப் படலமும் போய்விடும். ஊரிலிருந்து கொண்டுவந்த 5 லிட்டர் குக்கர் இருந்தால் மூடியைப் போடாமல் அதையே சட்டியாக வைத்துக்கொள்ளலாம். நான்-ஸ்டிக் மட்டும் வேண்டாம். ஏன் என்று இரண்டாம் படியில் தெரியும். கிளறுவதற்கு முனை தட்டையான மரத்துடுப்பு. உருண்டையான கரண்டியால் அடியைச் சுரண்ட முடியாது.

முதல் படி: ராஜ்மா

டின் பீன்ஸ் என்றால் வடிகட்டி அலசி எடுத்து வைத்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். காய்ந்த ராஜ்மா என்றால் கொஞ்சம் நில்லுங்கள், இரண்டாவது முறை நான் விழுந்தது இங்கேதான்.

ஒரே சட்டிதானே என்று, ஊறவைத்த ராஜ்மாவை வேகவைக்காமல் தக்காளியோடு சேர்த்துக் கொதிக்கவிட்டேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. வேகவில்லை. சரி, பழைய ராஜ்மா போலிருக்கிறது என்று இன்னொரு மணி நேரம். மூன்றாவது மணி நேரம் முடிந்தபோது கறி கரைந்து போயிருந்தது. ராஜ்மா மட்டும் கடித்தால் நறுக் என்றது. தக்காளியின் புளிப்புதான் காரணம். பயறின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் புளிப்பில் சீக்கிரம் கரையாது. புளி ஊற்றிய பிறகு பருப்பு வேகாது என்று பாட்டி சொன்னதும் இதுவேதான், அதை நான் சில்லிக்குப் பொருத்திப் பார்க்கவில்லை. உங்கள் ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்றால் அதுவும் வேகவிடாது. ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள், அதற்கு மேல் போட்டால் சோப்பு வாசனை வரும்.

ஆக, ராத்திரியே ஊறவையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றிக் குக்கரில் வையுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 15 நிமிடம். பிரஷர் தானாக அடங்கட்டும். ஒரு மணியை எடுத்து நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். பல் படாமலே மசிய வேண்டும், நடுவில் மாவு மாதிரி வெள்ளையாக எதுவும் தட்டுப்படக் கூடாது. தட்டுப்பட்டால் மறுபடி ஐந்து நிமிடம். இதற்குக் குக்கர் தேவைப்படுவதால் 'ஒரே சட்டி' என்பது கொஞ்சம் பொய்தான். மன்னித்துவிடுங்கள்.

இரண்டாம் படி: கறியும் பொடியும்

சட்டி நன்றாகச் சுட்டதும் எண்ணெய் ஊற்றிக் கறியைப் போட்டு, துடுப்பால் ஒரு தடவை பரப்பிவிட்டு, கையை எடுத்துவிடுங்கள். கிளறாதீர்கள். வான்கோழிக் கறி நிறையத் தண்ணீர் விடும். முதலில் கொதிக்கிற சத்தம்தான் கேட்கும். ஏழெட்டு நிமிடத்தில் தண்ணீர் வற்றி, சத்தம் வடை பொரிகிற மாதிரி சடசடவென்று மாறும். அப்போதுதான் அடியில் பழுப்பு நிறம் ஏற ஆரம்பிக்கும். இன்னும் மூன்று நிமிடம் விட்டுப் பிரட்டுங்கள். சட்டியின் அடியில் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துக் கருகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். பாதி ருசி அதில்தான் இருக்கிறது. நான்-ஸ்டிக்கில் இது ஒட்டவே ஒட்டாது, அதனால்தான் வேண்டாம் என்றேன்.

கறியை ஓரமாக ஒதுக்கி வெங்காயம், குடைமிளகாய், கொஞ்சம் உப்பு. வெங்காயம் விடுகிற தண்ணீரிலேயே அடியைச் சுரண்டத் தொடங்கலாம். வதங்கியதும் பூண்டு.

பிறகு தீயைக் குறைத்து, நடுவில் இடம் ஒதுக்கி, ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, தக்காளி பேஸ்டையும் பொடியையும் அதில் போடுங்கள். பேஸ்ட் செங்கல் நிறத்துக்கு மாறும்வரை, ஒன்றரை நிமிடம் போல வதக்க வேண்டும். மிளகாயும் சீரகமும் எண்ணெயில்தான் வாசனையைக் கொடுக்கும், தண்ணீரில் போட்டால் பச்சை வாடை போகாது. இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பல அமெரிக்கச் செய்முறைகளில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கொதிக்கவிடச் சொல்கிறார்கள், அதை நம்பாதீர்கள். மூக்கில் நெடி ஏறித் தும்மல் வந்தால் உடனே அரை கப் தண்ணீர் விட்டு அடியைச் சுத்தமாகச் சுரண்டிவிடுங்கள்.

மூன்றாம் படி: கொதி

தக்காளி டின், வெந்த ராஜ்மா, மீதித் தண்ணீர், கோகோ. ஒரு கொதி வந்ததும் சிறு தீயில், மூடியைச் சாய்த்து வைத்து 25 நிமிடம். பிறகு பரங்கிக்காய். இன்னும் 25 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அடிவரை துடுப்பு போக வேண்டும்.

பதம் எப்படித் தெரியும்? துடுப்பால் சட்டியின் நடுவே ஒரு கோடு இழுங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் குழம்புதான். மெதுவாக மூடினால் சரி. ஓரத்தில் சிவப்பாக எண்ணெய் பிரிந்திருக்கும். இப்போது ருசி பார்த்து உப்பு போடுங்கள், டின்களில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது என்பதை மறக்காமல். அடுப்பை அணைத்துவிட்டு எலுமிச்சை பிழியுங்கள். கடைசியில் பிழிகிற அந்தப் புளிப்பு இல்லாவிட்டால் எல்லாம் சரியாக இருந்தும் ஏதோ குறைகிற மாதிரியே இருக்கும்.

மேலே துருவிய செடார் சீஸ், ஸ்பிரிங் ஆனியன், ஒரு கரண்டி புளித்த கிரீம். அது இல்லையென்றால் கெட்டித் தயிர். வீட்டுக்காரருக்கு இன்றும் தயிர்தான்.

பீன்ஸ் சண்டை

எங்கள் அலுவலகத்தில் டெக்சஸ்காரர் ஒருவர் இருக்கிறார். என் சட்டியை எட்டிப் பார்த்து, "நல்ல பீன்ஸ் சூப்" என்று சொல்லிவிட்டு இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். டெக்சஸில் சில்லி என்றால் கறியும் மிளகாயும்தான், பீன்ஸ் போட்டால் கௌரவக் குறைவு. 1977இல் அந்த மாநிலம் சில்லியைத் தன் அதிகாரபூர்வ உணவாகவே அறிவித்துவிட்டது. அதற்கும் முன்னால், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், சான் அன்டோனியோவின் சந்தைத் திடல்களில் மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள் மாலையானால் அடுப்பு மூட்டிக் கிண்ணம் கிண்ணமாக விற்றார்கள். 'சில்லி ராணிகள்' என்று அவர்களுக்குப் பெயர். இங்கிருந்து தென்மேற்கே இரண்டு மணி நேரம் காரில் போனால் சின்சினாட்டி. அங்கே மாசிடோனியாவிலிருந்து குடியேறிய சகோதரர்கள் 1922இல் தொடங்கிவைத்த வழக்கப்படி, பட்டை வாசனையுள்ள நீர்த்த சில்லியை ஸ்பகெட்டி மேல் ஊற்றி மலைபோல் சீஸ் தூவுகிறார்கள். எனக்குப் பிடிக்கும். டெக்சஸ்காரரிடம் இதைச் சொல்லாதீர்கள்.

பின்சேர்க்கை 1

"அக்கா, காலையில் ஸ்லோ குக்கரில் ஊறவைத்த ராஜ்மாவைப் போட்டுவிட்டு வேலைக்குப் போகலாமா?" என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். கூடாதும்மா. சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் என்ற ஒரு நச்சு இருக்கிறது. சரியாக வேகாத ராஜ்மா நாலைந்து உள்ளே போனாலே வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். ஸ்லோ குக்கரின் மிதமான சூடு அதை அழிக்காது. அரைகுறைச் சூட்டில் வீரியம் கூடவும் கூடும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடச் சொல்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். அதற்குப் பிறகு ஸ்லோ குக்கரில் போடலாம். டின் பீன்ஸுக்கு இந்தக் கவலை இல்லை.

பின்சேர்க்கை 2

மின்சார பிரஷர் குக்கரில் செய்த இரண்டு பேருக்கு 'அடிப்பிடிக்கிறது' என்று எச்சரிக்கை வந்து பாதியில் நின்றுவிட்டதாம். எனக்கும் நடந்திருக்கிறது. தக்காளி கனமாக அடியில் போய் உட்கார்ந்துகொள்வதுதான் காரணம். வதக்கி முடித்ததும் தண்ணீர் விட்டு அடியைப் பளிச்சென்று சுரண்டுங்கள். ராஜ்மாவைப் போட்டு, தக்காளியை எல்லாவற்றுக்கும் மேலே ஊற்றி, கிளறாமல் மூடுங்கள். கிளறுவதெல்லாம் திறந்த பிறகு.

பின்சேர்க்கை 3

சென்னையிலிருந்து ஒருவர், ஓரிகானோவுக்குப் பதில் ஓமம் போடலாமா என்கிறார். போட்டால் தூக்கி அடிக்கும், வேண்டாம். பீட்சாவோடு வரும் குட்டிப் பொட்டலங்களைச் சேர்த்து வைத்திருப்பீர்களே, அதுவே போதும். தக்காளி டின்னுக்குப் பதில் நன்றாகப் பழுத்த நாட்டுத் தக்காளி 800 கிராம், கொதி நேரம் பதினைந்து நிமிடம் கூடும். பட்டர்நட் இல்லாவிட்டால் நம் மஞ்சள் பரங்கிக்காயே போடலாம். அது சீக்கிரம் குழையும் என்பதால் கடைசிப் பத்து நிமிடத்தில் சேருங்கள். கறி வேண்டாம் என்பவர்கள் குருணை மீல்மேக்கரை வெந்நீரில் ஊறவைத்து ஒட்டப் பிழிந்து, அதே மாதிரி கிளறாமல் வறுங்கள். சரியாகப் பிழியவில்லை என்றால் சாக்கு வாடை வரும்.

சில்லி மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், மூன்று நாள் தாங்கும். இங்கே சோள ரொட்டிதான் தொட்டுக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டில் மூன்றாம் நாள் மிச்சத்தைச் சட்டியிலேயே சுருள வற்றவிட்டு, முறுகலான தோசையின் நடுவே தடவி, சீஸ் தூவி மடித்துவிடுவேன். போன வாரம் இதற்காகவே இரண்டு பங்காகச் செய்தேன்.