பள்ளி பணமுடையில் தள்ளாடும்போது பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஏப்ரல் கடைசியில், என் மகள் படித்த மெட்ரிக் பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அடுத்த ஆண்டுக் கட்டணம் முழுவதையும் மே 15-க்குள் கட்டினால் பத்து சதவீதம் தள்ளுபடி. கணவர் மஸ்கட்டிலிருந்து அனுப்பியதையும் சீட்டு எடுத்த பணத்தையும் சேர்த்து 27,000 ரூபாய் கொண்டுபோய்க் கட்டினேன். ரசீதுப் புத்தகம் தீர்ந்துவிட்டது என்று சொல்லி, அலுவலகத்தில் இருந்த பெண் ஒரு வெள்ளைத் தாளில் தொகையை எழுதி முத்திரை குத்தித் தந்தார். அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மூவாயிரம் மிச்சமானது என்ற நிம்மதியோடு, குமரி மாவட்டத்தில் எங்கள் பக்கத்து ஊரான கருங்கலில் பஸ் ஏறினேன். அக்டோபரில் கணக்கு டீச்சர் வேலையை விட்டார். நவம்பரில் எங்கள் ஊர்ப் பக்கம் வந்துகொண்டிருந்த பள்ளிப் பேருந்து நின்றது.

அந்தத் தள்ளுபடியை நான் சலுகையாகப் பார்த்தேன். அது ஓர் அறிகுறி. கையில் பணம் இருக்கிற பள்ளிக்கு அடுத்த மார்ச் மாதத்துப் பணம் இந்த மே மாதத்தில் தேவைப்படாது. புது ஆண்டின் கட்டணத்தை வாங்கிப் பழைய ஆண்டின் சம்பள பாக்கியைத் தீர்க்கிறார்கள் என்றால், புது ஆண்டின் பாதியில் பெட்டி காலியாகத்தான் இருக்கும். ஆகவே பள்ளியின் நிலைமையில் சந்தேகம் இருந்தால், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் பருவத்துக்குப் பருவம் மட்டுமே கட்டுங்கள். அச்சிட்ட ரசீதில், பள்ளியின் பெயரும் என்ன வகைக் கட்டணம் என்பதும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. அந்தத் தொகைக்கு மேல் 'வளர்ச்சி நிதி' என்று கேட்டால் எழுத்தில் கேளுங்கள். இதைவிட ஆபத்தானது வைப்புத்தொகை. ஒரு லட்சமோ இரண்டு லட்சமோ வட்டியில்லாமல் கொடுத்தால் பிள்ளை படித்து முடிக்கும்வரை கட்டணமில்லை, கடைசியில் முதல் திரும்பக் கிடைக்கும் என்பார்கள். வங்கிக் கடன் இருக்கிற பள்ளி மூடப்பட்டால், நிலத்தையும் கட்டடத்தையும் ஈடாகப் பிடித்திருக்கும் வங்கிக்குத்தான் முதல் பங்கு. நம் முறை எப்போது வரும் என்று சொல்ல ஆள் இருக்காது.

இரண்டாவது தவறு, வாட்ஸ்அப்பிலும் பஸ் நிறுத்தத்திலும் கேட்டதை வைத்து முடிவெடுப்பது. களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரை சந்திப்புக்கு ஒரு ஆங்கிலவழிப் பள்ளி இருக்கிற மாவட்டம் இது. பிறப்பு விகிதமோ குறைந்துகொண்டே போகிறது. எல்.கே.ஜி.யில் முன்பு இரண்டு பிரிவு நடத்திய பள்ளிகள் இப்போது ஒன்றை நிரப்பவே திண்டாடுகின்றன. கட்டாயக் கல்விச் சட்டப்படி நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடங்களுக்கு அரசு தர வேண்டிய கட்டணமும் காலம் கடந்துதான் வருகிறது. இந்த நெருக்கடி ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளுக்கும் உண்டு. 'அந்தப் பள்ளி மூடப்போகிறார்களாம்' என்று சொல்பவர், பல வேளைகளில் பக்கத்துப் பள்ளிக்குப் பிள்ளை பிடிக்கிறவராகவும் இருக்கலாம்.

நம் மாவட்டத்துக்கே உரிய இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். பள்ளி திறக்கிற ஜூன் மாதம் இங்கே மழைக்காலம். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. மலையோரத்தில் மழை பெய்தால் ரப்பர் பால் வெட்டு நின்றுவிடும். பெற்றோர் கையில் காசு இல்லாததால் கட்டணம் வராது. கட்டணம் வராததால் ஆசிரியர் சம்பளம் பத்து, பதினைந்து நாள் தள்ளிப்போகும். அதைக் கேட்டு நடுங்க வேண்டாம். செப்டம்பர் கடந்து, கட்டணம் பெரும்பாலும் வந்து சேர்ந்த பிறகு, ஜனவரியில் சம்பளம் நிற்கிறது என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

உண்மை நிலையைத் தெரிந்துகொள்ள யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி அமைப்பின் இணையதளத்தில் நிறுவனத் தேடல் என்று ஒரு பகுதி உண்டு. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் பள்ளி அதில் இருக்க வேண்டும். சில பள்ளிகள் அறக்கட்டளையின் பெயரில் இருக்கும், அதையும் தேடிப் பாருங்கள். எந்த மாதத்துக்கான பி.எஃப். பணம் எந்தத் தேதியில், எத்தனை பேருக்குக் கட்டப்பட்டது என்று வரிசையாக வரும். என் மகளின் பள்ளியைப் பிறகு ஒரு நாள் தேடிப் பார்த்தபோது, ஒரே ஆண்டில் 41 பேர் 26 ஆகக் குறைந்திருந்தது, நான்கு மாதப் பணம் கட்டப்படாமல் கிடந்தது. அந்தப் பக்கத்தை ஏப்ரலில் பார்த்திருந்தால் நான் அந்தப் பணத்தைக் கட்டியிருக்க மாட்டேன்.

பேருந்தின் எண்ணை, வாகன விவரம் காட்டும் அரசின் பரிவாகன் செயலியில் போட்டால் காப்பீடும் தகுதிச் சான்றும் எந்தத் தேதி வரை என்று தெரியும். காப்பீடு காலாவதியான வண்டியில் பிள்ளையை ஒரு நாள்கூட அனுப்பாதீர்கள், பள்ளியை மாற்றுவதா வேண்டாமா என்பது அப்புறம். நிலத்தின் சர்வே எண் கிடைத்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கலாம். கடன் இருப்பது குற்றமில்லை, பெரும்பாலான பள்ளிக் கட்டடங்கள் கடனில்தான் எழுந்தன. ஆனால் சொத்தைக் கையகப்படுத்துவதாக வங்கி நாளிதழில் அறிவிப்பு கொடுத்துவிட்டால் நிலைமை முற்றியிருக்கிறது என்று பொருள். அங்கீகாரம் எந்த ஆண்டு வரை என்பதைத் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்கலாம். கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரச் சான்றுகள் இல்லாமல் அங்கீகாரம் புதுப்பிக்கப்படாது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் தீயில் மடிந்த நாட்டில், இந்தச் சான்றுகளைக் கேட்கப் பெற்றோர் கூச்சப்படக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது ஒன்றைத்தான். ஆசிரியர்கள் நிற்கிறார்களா? சுவருக்கு வெள்ளையடிக்காத பள்ளியில் பிள்ளை நன்றாகப் படிக்கும். ஆண்டு விழா நடக்காவிட்டாலும் படிக்கும். கணக்கு டீச்சர் போய்விட்டு, அந்தப் பாடவேளையில் தமிழாசிரியர் வந்து உட்கார்ந்திருக்கும் வகுப்பில் படிக்காது. ஒரு நாள் மாலை மகளின் கணக்கு நோட்டைப் புரட்டினேன். அக்டோபர் 9-ம் தேதி வரை சிவப்பு மையில் திருத்தம் இருந்தது. அதன் பிறகு பதினொரு பக்கங்கள், எல்லாம் கரும்பலகையைப் பார்த்து எழுதியவை, ஒன்றில்கூடத் திருத்தம் இல்லை. பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தை வாரம் ஒருமுறை புரட்டுங்கள். பெற்றோர் கூட்டத்தில் தாளாளரிடம் 'பள்ளி தொடருமா?' என்று கேட்டால் 'தொடரும்' என்றுதான் சொல்வார். 'எட்டாம் வகுப்புக்குக் கணக்கு யார் எடுக்கிறார், எப்போது சேர்ந்தார், போன மாதச் சம்பளம் கொடுத்தாயிற்றா?' என்று கேளுங்கள்.

'இவ்வளவு கட்டிவிட்டோமே' என்று தங்குவது அடுத்த தவறு. நானும் இரண்டு மாதம் அப்படித்தான் தங்கினேன். போன பணம் போனதுதான். அதற்காகப் பிள்ளையின் ஓர் ஆண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதைப் பார்க்காமல் முடிவெடுப்பதால் வரும் இழப்பு பலருக்குக் காலம் கடந்தே தெரிகிறது. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை 2020-ல் சட்டமாக்கினார்கள். மறு ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே ஐந்தாம் வகுப்பு முடிக்கிற பிள்ளையைத் தள்ளாடும் பள்ளியில் 'இன்னும் ஓர் ஆண்டு பார்ப்போம்' என்று வைத்திருந்தால், அந்த ஓராண்டிலேயே வாசல் அடைபட்டுவிடும். குமரி மாவட்டத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. இங்கே திருச்சபைகளும் பிற அமைப்புகளும் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகள் ஏராளம், நல்ல பள்ளிகளும் அவற்றில் பல. ஆனால் அவை இந்த ஒதுக்கீட்டுக்கு அரசுப் பள்ளியாகக் கணக்கில் வராது. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களோ உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. என் மகள் எட்டாம் வகுப்பு, அவளுக்கு ஒதுக்கீட்டு வாய்ப்பு ஏற்கெனவே போய்விட்டது. தம்பி அப்போது ஐந்தாம் வகுப்பு. ஜூனில் அவனை அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்தோம்.

பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டிலும் நடு ஆண்டில் மாற்றுவதை, வேறு வழியே இல்லாவிட்டால் ஒழியத் தவிர்க்கவே சொல்வேன். பத்தாம் வகுப்பு அறிவியலில் 100-க்கு 25 மதிப்பெண் செய்முறைக்கு. அந்தப் பதிவேடும் தேர்வர் பட்டியலும் பள்ளியோடு பிணைந்தவை. சி.பி.எஸ்.இ.யில் ஒன்பதாம் வகுப்பிலேயே பதிவு தொடங்கிவிடுகிறது. எட்டாம் வகுப்பு முடிவில் பள்ளியின் நிலை சரியில்லை என்று தெரிந்தால், ஒன்பதில் சேர்க்காமல் அப்போதே மாற்றுங்கள்.

மாற்றுச் சான்றிதழுக்குப் பயந்து தங்குகிறவர்கள் நிறைய. கட்டண பாக்கியைத் தீர்க்காமல் டி.சி. தர முடியாது என்பார்கள். கட்டாயக் கல்விச் சட்டத்தின் 5-வது பிரிவு, டி.சி. தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்கிறது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை இது நமக்குப் பெரிய துணை. டி.சி.யைக் கட்டணம் வசூலிக்கும் கருவியாக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024-ல் சொல்லியிருக்கிறது. நடைமுறையில் சிக்கல், மாணவர் விவரங்களைப் பதிந்து வைக்கும் கல்வித்துறையின் எமிஸ் தளத்தில்தான் வருகிறது. பழைய பள்ளி மாணவரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி தன் பட்டியலில் சேர்க்க முடியும். கையில் டி.சி. வந்தபிறகும் 'எமிஸில் விடுவித்துவிட்டீர்களா?' என்று கேட்டு வாங்குங்கள். விடுவிக்காவிட்டால் 14417 என்ற கல்வி உதவி எண்ணுக்கோ மாவட்டக் கல்வி அலுவலருக்கோ எழுத்தில் புகார் கொடுங்கள். படித்த மாதங்களுக்கான கட்டணத்தை மட்டும் பாக்கி வைக்காதீர்கள். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்தப் பணத்தில்தான் ஒரு டீச்சர் வீட்டில் அரிசி வாங்குகிறார்கள்.

அவசரப்பட்டு வெளியேறுவதும் தவறாகலாம். மறைமாவட்டமோ வேறு அறக்கட்டளையோ ஏற்று நடத்தத் தொடங்கி நிமிர்ந்த பள்ளிகள் உண்டு. ஆசிரியர்கள் நிற்கிறார்கள், அங்கீகாரம் நடப்பில் இருக்கிறது, கணக்கைப் பெற்றோரிடம் திறந்து பேசுகிறார்கள் என்றால், அந்தப் பள்ளிக்கு ஓராண்டு கொடுக்கலாம். ஆனால் அந்த ஓராண்டிலும் போகக்கூடிய பள்ளியை நேரில் பார்த்து வையுங்கள். அரசுப் பள்ளி என்றதும் முகம் சுளிக்கும் சொந்தக்காரர்களுக்காகப் பிள்ளையை வெறும் வகுப்பறையில் உட்கார வைக்க வேண்டாம்.

கடைசியாக, பிள்ளையிடம் மறைப்பது. நாங்கள் இரவில் மெதுவாகப் பேசினோம். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, பேருந்து ஓட்டுநர் வேலையை விடும்போதே பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார். 'எந்த ஸ்கூலுக்குப் போகிறோம் என்று மட்டும் முன்னாலேயே சொல்லுங்கள், அம்மா' என்றாள். டிசம்பர் முதல் வாரம் அரசுப் பள்ளிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கணக்கு ஆசிரியர் அவள் நோட்டை வாங்கிப் பார்த்தார். திருத்தப்படாத அந்தப் பதினொரு பக்கங்களையும் நின்றபடியே புரட்டி, இரண்டாவது பக்கத்தில் ஒரு தவறைச் சுட்டிக் காட்டினார். அரையாண்டுத் தேர்வும் கிறிஸ்துமஸ் விழாப் பாட்டும் பழைய பள்ளியிலேயே முடிய வேண்டும் என்று மகள் கேட்டாள். சம்மதித்தோம். ஜனவரியில் புதிய பள்ளியில் சேர்ந்தாள். வெள்ளைத் தாள் ரசீதுக்கு நான் கேட்ட மீதிப் பணத்தில் 6,000 ரூபாய் மே மாதம் கிடைத்தது, மற்றது இன்னும் வரவில்லை.