பாங்காக்கிற்கு மறுமுறை செல்பவர்கள் தங்கிப் பார்க்க வேண்டிய ஊர்கள்

தாய்லாந்துக்கு முதல்முறை செல்பவர்கள் பாங்காக்கின் அரண்மனை, மரகத புத்தர் கோயில், ஆற்றுப் படகு, கடைவீதிகள், போதாக்குறைக்குப் பட்டாயா என்று நாட்களைச் செலவிட்டுத் திரும்புகிறார்கள். முதல் பயணத்துக்கு அது போதும். இரண்டாம் முறை செல்லும்போது பாங்காக்கை ரயில் மாறும் இடமாக மட்டும் வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி இரண்டு மூன்று மணி நேரத் தொலைவில் உள்ள சிற்றூர்களில் இரவு தங்குவதே சரியான திட்டம். பகலில் போய் மாலையில் திரும்புகிற ஒரு நாள் சுற்றுலாவை நான் பரிந்துரைப்பதில்லை. சுற்றுலா வேன்கள் வெயில் ஏறும் நேரத்தில் ஊருக்குள் நுழைந்து, வெயில் தாழும் நேரத்தில் கிளம்பிவிடுகின்றன. ஊர் நன்றாக இருக்கும் காலையும் மாலையும் அங்கே தங்கியவர்களுக்கே கிடைக்கின்றன.

முதலில் திசையை முடிவு செய்துகொள்ளுங்கள். வடக்கே அயுத்தயாவும் லோப்புரியும் ஒரே ரயில்பாதையில் இருக்கின்றன. மேற்கே காஞ்சனபுரி, தென்மேற்கே பெட்சபுரி. ஒரு வாரத்துக்கு இரண்டு திசைகளுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு முறை திசை மாற்றும்போதும் பாங்காக்கின் போக்குவரத்து நெரிசல் அரை நாளைத் தின்றுவிடும். எந்த நிலையத்தில் ஏற வேண்டும் என்பதையும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும். 2023 ஜனவரி முதல் வடக்கு, தெற்குப் பாதைகளின் விரைவு ரயில்கள் கிருங்தேப் அபிவத் என்ற புதிய நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. பழைய ஹுவா லம்போங்கில் சாதாரண ரயில்களே மிஞ்சியுள்ளன. காஞ்சனபுரி ரயிலோ ஆற்றுக்கு மேற்கே, சிரிராஜ் மருத்துவமனைக்கு அருகில் உள்ள தோன்புரி நிலையத்திலிருந்து கிளம்புகிறது.

அயுத்தயா 1350-இல் தலைநகராகி, 1767-இல் பர்மியப் படையால் அழிக்கப்பட்ட நகரம்; 1991 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. மூன்று ஆறுகள் சூழ்ந்த தீவு போன்ற நிலத்தில் இடிபாடுகள் பரவிக் கிடக்கின்றன. ரயில் நிலையம் ஆற்றுக்கு இக்கரையில் இருப்பதால், சிறிய படகில் அக்கரை சேர்ந்து வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொள்ளலாம். நிலம் சமதளம் என்பதால் மிதிப்பது சிரமமில்லை. வாட் மகாதாட்டில் மரவேர்களுக்கு நடுவே சிக்கியிருக்கும் புத்தர் தலையைப் படம் எடுப்பவர்கள், தங்கள் தலை அதைவிட உயரமாக இல்லாதபடி தாழ்ந்து அமர்வது அங்கே கட்டாய மரியாதை. தீவுக்கு வெளியே, மேற்குக் கரையில் உள்ள வாட் சைவத்தனாராமை மாலைக்கு ஒதுக்கி வையுங்கள். லோப்புரி அங்கிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். கெமர் (பழைய கம்போடிய) பாணியில் அமைந்த மூன்று கோபுரங்களும், பதினேழாம் நூற்றாண்டில் நாராய் மன்னர் கட்டிய அரண்மனையும் நடந்தே பார்க்கக்கூடியவை. அவ்வூர்க் குரங்குகளில் பலவற்றை 2024-இல் அதிகாரிகள் பிடித்து அப்புறப்படுத்தினார்கள் என்றாலும், கையில் உணவுப் பை இல்லாமல் நடப்பதே நல்லது.

ஒரே ஓர் ஊருக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், தமிழர்கள் காஞ்சனபுரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. இரண்டாம் உலகப் போரில் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியப் படை 1942–43-இல் அமைத்த 415 கிலோமீட்டர் ரயில்பாதை இவ்வழியாகத்தான் சென்றது. நேச நாட்டுப் போர்க் கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டோர் அங்கே மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. அவர்களில் மிகப் பலர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் மிரட்டியும் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள். ரயில் நிலையத்துக்கு அருகிலேயே உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கைதிகள் வரிசை வரிசையாகப் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். தமிழ்த் தொழிலாளருக்கு அப்படிப் பெயர் பொறித்த கல்லறைகள் இல்லை. அவர்கள் நினைவாக நடுகல் ஒன்று பிற்காலத்தில் தவோன் வராராம் கோயிலில் எழுப்பப்பட்டது. கல்லறைத் தோட்டத்தை ஒட்டியுள்ள ரயில்பாதை அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டால், பிறகு காண்பவை எல்லாம் விளங்கும்.

அந்த ரயில்பாதைக்காகக் கட்டிய குவே ஆற்றுப் பாலத்தில் நடக்கும்போது அதன் இரும்புச் சட்டங்களைக் கவனியுங்கள். வில்லாக வளைந்தவை ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்ட பழையவை. நடுவில் நேர்கோடுகளாக நிற்கும் இரண்டும், குண்டுவீச்சில் தகர்ந்தவற்றுக்குப் பதிலாகப் போருக்குப் பின் பொருத்தப்பட்டவை. பாலத்தோடு திரும்பிவிடாமல், மறுநாள் காலை நாம்தோக் செல்லும் ரயிலில் இடப்பக்கச் சன்னலோரம் உட்காருங்கள். பாறைச் சரிவை ஒட்டி மரத்தூண்கள் மேல் ரயில் ஊர்ந்து செல்லும் தாம் கிராசே பகுதியில் ஆறு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. நாம்தோக்கிற்கு அப்பால் தண்டவாளங்கள் அகற்றப்பட்டுவிட்டன. அதற்கும் அப்பால், கைதிகளும் தொழிலாளர்களும் தீவட்டி வெளிச்சத்தில் இரவிலும் மலையைக் குடைந்த ஹெல்ஃபயர் பாஸ் கணவாய்க்குச் சாலை வழியே செல்லலாம். கற்படிகள் ஏறி இறங்க வேண்டியிருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துச் செல்ல வேண்டும்.

பெட்சபுரி நம்மவர்கள் அதிகம் எட்டிப்பார்க்காத ஊர். குன்றின் மேல் நான்காம் ராமா மன்னர் கட்டிய அரண்மனையும், முற்பகல் வெயில் கூரைத் துளை வழியே புத்தர் சிலைகள் மேல் இறங்கும் காவோ லுவாங் குகையும் அங்கே இருக்கின்றன. வயல் வரப்புகளில் நிற்பதோ நம் ஊர்ப் பனைமரங்கள். பழுத்த பனம்பழச் சாற்றை அரிசி மாவோடு சேர்த்து அவித்த மஞ்சள் நிறப் பணியாரமும் பனைவெல்லமும் சந்தையில் கிடைக்கும். மோ கேங் என்ற புகழ்பெற்ற இனிப்பில் முட்டை சேர்கிறது என்பதைச் சைவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

சைவ உணவுக்கு, மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்துடன் ‘ஜே’ என்ற அடையாளம் உள்ள கடைகளைத் தேடுங்கள். அங்கே பூண்டு, வெங்காயம்கூடச் சேர்ப்பதில்லை. மற்ற கடைகளில் காய்கறி மட்டும் என்று கேட்டாலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். திங்கள், செவ்வாய்க் கிழமைகளில் லோப்புரி அரண்மனையைப் போன்ற தேசிய அருங்காட்சியகங்கள் பலவும் மூடப்பட்டிருக்கும். ஏப்ரல் 13 முதல் 15 வரையிலான சொங்கிரான் புத்தாண்டின்போது ரயில்களில் இடம் கிடைப்பது கடினம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் பொறுக்கக்கூடியதாக இருக்கும். விமானம் ஏறும் நாளில் சிற்றூரிலிருந்து நேராக விமான நிலையம் செல்லத் திட்டமிட வேண்டாம். சாதாரண ரயில்கள் தாமதமாவது அங்கே வழக்கமானதுதான் என்பதால், கடைசி இரவைப் பாங்காக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.