ப்ரீஃபிட் குழலா, அளவெடுத்துப் பொருத்தும் குழலா?

போட்டித் துப்பாக்கியின் தேய்ந்த குழலை மாற்ற நினைப்பவர் எந்த நிறுவனத்தின் குழலை வாங்கலாம் என்றுதான் முதலில் விசாரிக்கிறார். அதற்கு முன் தீர்க்க வேண்டிய கேள்வி, உங்கள் துப்பாக்கியின் ஆக்‌ஷன் (குழல் பொருத்தப்படும், போல்ட் இயங்கும் மையப் பகுதி) ப்ரீஃபிட் எனும் ஆயத்தக் குழலை ஏற்கும் வகையில் செய்யப்பட்டதா என்பதே.

தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் போல்ட்டின் முகத்துக்கும், தோட்டா அறைக்குள் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தை ஹெட்ஸ்பேஸ் என்கிறோம். அது குறைந்தால் போல்ட் மூடாது. மிகுந்தால் தோட்டாவின் உறை இழுபட்டுக் கிழியவும், வெடிவாயு சுடுபவரை நோக்கிப் பீறிடவும் இடமுண்டு. இதைச் சோதிக்கும் அளவுக்கட்டைகளில், போல்ட் மூட வேண்டியது 'கோ' கேஜ், மூடக்கூடாதது 'நோ-கோ' கேஜ். .308 தோட்டா ரகத்தில் இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான். ப்ரீஃபிட், அளவெடுத்துப் பொருத்துதல் ஆகிய இரண்டு முறைகளும் இந்த மெல்லிய இடைவெளியை யார், எங்கே உறுதிசெய்கிறார் என்பதில்தான் பிரிகின்றன.

ப்ரீஃபிட் குழலில் மரையும் தோட்டா அறையும் தொழிற்சாலையிலேயே முடிக்கப்பட்டிருக்கும். அதில் தோள் வைத்த வகை (குழலில் கடைந்த விளிம்பு ஆக்‌ஷனின் முகத்தில் முட்டும்வரை இறுக்கப்படுவது), எல்லா ஆக்‌ஷன்களும் ஒரே அளவில் இருக்கும் என்று நம்பிச் செய்யப்படுகிறது. அண்மைக்காலத்தில் துல்லியமாகக் கடையப்பட்டு, ப்ரீஃபிட்டுக்கு உரியது என்று தயாரிப்பாளரே உறுதியளிக்கும் ஆக்‌ஷன்களுக்கு அது நன்கு பொருந்தும். 1962இல் வெளிவந்த ரெமிங்டன் 700 போன்றவற்றில் ஒன்றுக்கொன்று அளவு மாறுபடுவதால், அளவெடுக்காமல் தோள் வைத்த குழலை வரவழைப்பதை நான் ஏற்கமாட்டேன். 1958இல் வந்த சாவேஜ் 110இல் உள்ளதுபோல் பூட்டு நட்டு உள்ள வகையில், கேஜை வைத்துக் குழலைத் திருகி இடைவெளியைச் சரிசெய்த பிறகே நட்டை இறுக்குகிறார்கள் என்பதால், மாறுபாடு அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

துப்பாக்கி வினைஞர் அளவெடுத்துப் பொருத்தும்போது அவர் முன் உங்கள் ஆக்‌ஷனே இருக்கிறது. அதன் முகம் கோணலாக இருந்தால் நேராக்குவார். நீங்கள் பயன்படுத்தும் குண்டின் நீளத்துக்கேற்பத் தோட்டா அறைக்கு முன்னுள்ள தொண்டைப் பகுதியைக் குடைவார். செலவும் காத்திருப்பும் கூடும் என்றாலும், பழைய ஆக்‌ஷனுக்கு இதுவே ஏற்ற வழி.

.22 துப்பாக்கி வைத்திருப்போர் அவசரப்பட வேண்டாம். அந்தக் குழல் பல்லாயிரம் சுடுகளைத் தாங்கும் என்பதால், குறி சிதறத் தொடங்கியதும் குழலைச் சுத்தம் செய்து, வேறு வேறு உற்பத்தித் தொகுதித் தோட்டாக்களைச் சுட்டுப் பார்ப்பதே முறை. மேலும், ஜெர்மனியின் ஆன்ஷூட்ஸ் 54 வகை .22 துப்பாக்கிகள் பலவற்றில் குழல் மரையால் அல்லாமல், ஆக்‌ஷனுக்குள் செருகப்பட்டு ஊசிகளால் நிறுத்தப்பட்டிருக்கிறது; அதைக் கழற்றுவது வினைஞரின் வேலை.

சிங்கப்பூரில் வேறொரு கணக்கும் சேர்கிறது. துப்பாக்கியும் அதன் முக்கிய பாகங்களும் கடுமையான உரிமக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. ஆகவே முன்பணம் செலுத்துமுன் உங்கள் கழகத்தின் வழியாகக் காவல்துறையின் உரிமப் பிரிவிடம் எழுத்துமூலம் தெளிவு பெறுங்கள். குழலை மட்டும் தருவிப்பது ஒருவகை ஏற்பாடு. ஆக்‌ஷனையே வெளிநாட்டு வினைஞருக்கு அனுப்பித் திரும்பப் பெறுவது அதைவிடப் பெரிய ஏற்பாடு.

அதனால் தொடர்ந்து போட்டியிடுவோருக்கு நான் சொல்லும் யோசனை, முதல் குழலை மட்டும் வினைஞரிடம் அளவெடுத்துப் பொருத்திக்கொண்டு, அப்போது அவர் எடுத்த ஆக்‌ஷன் அளவுகளையும் அறை குடைந்த கருவியின் விவரத்தையும் எழுத்தில் வாங்கி வைப்பதாகும். அடுத்த குழலை அதே எண்களுக்குச் செய்யச் சொல்லலாம். ஆக்‌ஷன் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதில்லை. அப்படி வரும் குழலையும் தகுதியுள்ளவர் இரண்டு கேஜ்களாலும் சோதித்து, 'கோ'வில் போல்ட் மூடுவதையும் 'நோ-கோ'வில் மூடாததையும் உறுதிசெய்யும் வரை அதில் ஒரு தோட்டாவும் சுடக்கூடாது.