வாடகை வீட்டில் இருந்துகொண்டே முதல் வீட்டுக்கான கடன் தகுதியை வளர்ப்பது எப்படி

சென்னையில் மாதம் 20,000 ரூபாய் வாடகை கொடுக்கும் ஒரு குடும்பம், வாடகை ஆண்டுக்கு 5 சதவீதம் உயர்வதாக வைத்துக்கொண்டால், ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 13 லட்சத்து 26 ஆயிரம் ரூபாயை வீட்டு உரிமையாளரிடம் கொடுத்திருக்கும். ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டிய இந்த வாடகை, வீட்டுக் கடன் கேட்கும்போது வங்கி எடுத்துப் பார்க்கும் கடன் அறிக்கையில், அதாவது நீங்கள் வாங்கிய கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் காட்டும் பதிவில், பொதுவாக இடம்பெறுவதில்லை. சீட்டுப் பணம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், தெருமுனை அடகுக்கடையில் கட்டிய வட்டி ஆகியவற்றின் நிலையும் இதுதான். பணத்தில் நாணயமாக நடந்துகொள்வது வேறு, அந்த நாணயம் வங்கியின் கண்ணில் படும்படி பதிவாகியிருப்பது வேறு. வாடகைக்குக் குடியிருப்பவர் இந்த இரண்டாவது வேலையை, வீடு வாங்க நினைக்கும் நாளுக்கு மூன்று நான்கு ஆண்டுகள் முன்பே, தனியாகத் திட்டமிட்டுத் தொடங்க வேண்டும்.

எவ்வளவு பணம் கையில் வேண்டும்

முதலில் இலக்கைத் தொகையாக எழுதிக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, வீட்டுக் கடன் 30 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வீட்டின் மதிப்பில் 90 சதவீதம் வரையும், 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை இருந்தால் 80 சதவீதம் வரையும், அதற்கும் மேல் போனால் 75 சதவீதம் வரையும்தான் கடன் கிடைக்கும். 50 லட்சம் ரூபாய்க்கு ஓர் அடுக்குமாடி வீடு வாங்குபவர் 10 லட்சத்தைத் தம் கையிலிருந்து போட வேண்டும். பத்திரச் செலவு இந்தக் கணக்கில் சேராது. புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனையில், மதிப்பு 50 லட்சம் வரை இருந்தால் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 3 லட்சம். அதே விலைக்குப் பழைய வீட்டை மறுவிற்பனையில் வாங்கினால் 7 சதவீதமும் 2 சதவீதமும் சேர்ந்து 4.5 லட்சம் ஆகிறது. கட்டி முடிக்கப்படாத வீடாக இருந்தால் இவற்றுடன் ஜிஎஸ்டி வரியும் உண்டு. பணிநிறைவுச் சான்றிதழ் வாங்கிய வீட்டுக்கு அது கிடையாது. வழக்கறிஞர் கருத்துரை, வங்கியின் பரிசீலனைக் கட்டணம், வீட்டுப் பத்திரத்தை வங்கியிடம் பிணையாக ஒப்படைப்பதற்கான ஒப்பந்தப் பதிவு, மின் இணைப்பு, குறைந்தபட்ச மரவேலை என்று எல்லாவற்றையும் கூட்டினால், 50 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 15 லட்சம் சேமிப்பு வேண்டும் என்று கொள்வதே பாதுகாப்பான கணக்கு.

மாதம் 25,000 ரூபாயை 6.5 சதவீத வட்டியில் தொடர் வைப்பில் போட்டுவந்தால் நான்கு ஆண்டுகளில் 13.7 லட்சம் அளவுக்குச் சேரும். சீட்டுப் போட்டுச் சேமிக்கும் வழக்கம் உள்ளவர்கள், 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யப்பட்ட சீட்டா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்கம்பக்கத்தில் வாய்வழி நம்பிக்கையில் நடக்கும் சீட்டில் வீட்டுக்கான முன்பணத்தைப் போடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். சீட்டு முறிந்தால் நான்கு வருட உழைப்பு போய்விடும்.

வாடகையின் சுமையைக் குறைப்பதில் பலர் கவனிக்காத இடம் அட்வான்ஸ் தொகை. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது சென்னையில் நெடுநாள் வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத நிலையில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்வைப்பு வாங்கக் கூடாது என்கிறது; எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தையும் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒப்பந்தத்தின் மூலம் இதைவிட அதிகமாகக் கேட்க உரிமையாளருக்கு வழி இருந்தாலும், பேசுவதற்கு இந்தச் சட்டம் உங்களுக்கு ஒரு பிடியைத் தருகிறது. 20,000 ரூபாய் வாடகையில் அட்வான்ஸ் பத்து மாதத்திலிருந்து மூன்று மாதமாகக் குறைந்தால், வட்டியில்லாமல் முடங்கிக் கிடக்கவிருந்த 1,40,000 ரூபாய் உங்கள் வைப்புக் கணக்குக்கு வந்துசேரும். வாடகையை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கிக் கணக்கு வழியாகவே செலுத்துங்கள். அது கடன் அறிக்கையில் ஏறாவிட்டாலும், வங்கிக் கணக்கு விவரத்தைப் புரட்டிப் பார்க்கும் கடன் அதிகாரிக்கு, மாதாமாதம் இவ்வளவு தொகையைத் தவறாமல் கட்டக்கூடியவர் என்பதை அது காட்டும். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு இந்தச் சான்று இன்னும் கூடுதலாக உதவுகிறது.

கடன் அறிக்கையைப் படிப்பது

இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் உள்ளன. ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டியது ஒவ்வொரு நிறுவனத்தின் கடமை. உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்ப்பதால், அதில் உங்கள் கடன் நாணயத்துக்குத் தரப்படும் மதிப்பெண் குறையாது. இந்த வீண் பயத்தால் பலர் கடைசி நாள் வரை பார்க்காமலே இருந்துவிடுகிறார்கள். மதிப்பெண் 300 முதல் 900 வரை இருக்கும். 750க்கு மேல் இருந்தால் நல்லது என்பது வங்கி வட்டாரத்தின் பொதுவான எதிர்பார்ப்பு. ஆனால் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு அறிக்கையை மூடிவிடக் கூடாது. ஒவ்வொரு கடனுக்கும் கீழே, கடந்த 36 மாதங்களில் எந்தெந்த மாதம் எத்தனை நாள் தாமதமானது என்ற பட்டியல் இருக்கும். மதிப்பெண் நன்றாக இருப்பவரிடமும், அந்தப் பட்டியலில் அண்மையில் ஒரு தாமதம் தென்பட்டால் கடன் அதிகாரி விளக்கம் கேட்கக்கூடும்.

நம் குடும்பங்களில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்கள் சில இருக்கின்றன. முதலாவது கல்விக் கடன். பொறியியல் படிக்க வாங்கிய கடனில் பிள்ளையும் தந்தையும் இணைக் கடனாளிகளாக இருப்பதால், படிப்பு முடிந்து வேலை கிடைக்கத் தாமதமான மாதங்களின் நிலுவை இருவர் அறிக்கையிலும் ஏறிவிடுகிறது. அடுத்தது ஜாமீன் கையெழுத்து. மைத்துனருக்கோ நண்பருக்கோ போட்ட கையெழுத்து உங்கள் அறிக்கையிலும் ஒரு கடனாக நிற்கும். அவர் தவணை தவறினால் வங்கி உங்களிடமும் வரும். அடுத்த மூன்றாண்டுகளில் வீடு வாங்கும் எண்ணம் இருந்தால், உறவு கசந்தாலும் ஜாமீன் கையெழுத்து போட முடியாது என்று சொல்லிவிடுவதே சரி.

இன்னொன்று, பழைய கிரெடிட் கார்டு பாக்கியைப் பேரம் பேசிக் குறைத்துக் கட்டி முடித்தது. வசூலுக்கு வந்தவர் "இதோடு முடிந்தது" என்று சொல்லியிருப்பார். அறிக்கையிலோ அந்தக் கணக்கு முழுதாக அடைக்கப்பட்டதாக இல்லாமல் "செட்டில்டு" என்று பதிவாகியிருக்கும். வீட்டுக் கடன் கொடுப்பவர்கள் இந்தச் சொல்லை விரும்புவதில்லை. விட்டுக்கொடுக்கப்பட்ட மீதித் தொகையைக் கட்டி, நிலுவையில்லாச் சான்று வாங்கி, கணக்கை முழுதாக முடிந்ததாக மாற்றித் தருமாறு எழுத்தில் கேட்க வேண்டும். உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத கடன் அறிக்கையில் இருந்தால், அந்தக் கடன் தகவல் நிறுவனத்தின் இணையதளத்திலேயே முறையீட்டைப் பதியுங்கள். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது.

கடனே வாங்காதவர் என்ன செய்வது

கடன் வாங்காமல் வாழ்வது பெருமைக்குரியதுதான். ஆனால் கடன் வரலாறே இல்லாதவரின் அறிக்கையில் மதிப்பெண் இருக்காது. வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை விண்ணப்பிப்பவரை நிராகரிக்கக் கூடாது என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. இருந்தாலும், பாரத ஸ்டேட் வங்கி உட்படப் பல வங்கிகள் மதிப்பெண்ணுக்கு ஏற்ப வட்டி விகிதத்தை வைக்கின்றன. 40 லட்சம் ரூபாயை 20 ஆண்டுகளுக்கு 8.5 சதவீதத்தில் வாங்கினால் மாதத் தவணை சுமார் 34,700 ரூபாய். 9 சதவீதமானால் சுமார் 36,000 ரூபாய். அரை சதவீத வித்தியாசம் கடன் முடிவதற்குள் 3 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது.

வரலாற்றைத் தொடங்க மிக எளிய வழி, வைப்புத் தொகையின் பேரில் தரப்படும் கிரெடிட் கார்டு. வங்கியில் 25,000 ரூபாய் அளவுக்கு ஒரு நிரந்தர வைப்புப் போட்டு, அதன் பிணையில் கார்டு கேளுங்கள். வருமானச் சான்று பெரும்பாலும் தேவைப்படாது. மளிகை, மின்கட்டணம் போன்ற எப்படியும் செய்யும் செலவுகளை மட்டும் அதில் செய்து, கார்டின் வரம்பில் 30 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, கடைசித் தேதிக்கு முன்பே முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் தாமதம் பதிவாகாது; ஆனால் மீதித் தொகைக்கு மாதத்துக்கு 3 சதவீதத்துக்கும் மேல் வட்டி ஓடத் தொடங்கும் என்பதால், அந்த வழியில் நுழையவே வேண்டாம். சேமிப்புக் கணக்கிலிருந்து முழுத் தொகையும் தானாகக் கழியும்படி வங்கியில் எழுதிக்கொடுத்துவிடுவது நல்லது.

நகைக் கடனும் இங்கே பயன்படும். வங்கியிலோ பதிவுபெற்ற நிதி நிறுவனத்திலோ வாங்கும் நகைக் கடன் கடன் அறிக்கையில் ஏறும். அடகுக்கடையில் வைத்தது ஏறாது. குடும்பத்தில் எப்படியும் நகையை வைத்துப் பணம் புரட்ட வேண்டிய தேவை வந்தால், அதை வங்கியில் வைத்து, தவணை தவறாமல் மீட்டால் அதுவும் வரலாறாகச் சேரும். வரலாற்றுக்காக மட்டுமே வட்டி கட்டி நகைக் கடன் வாங்குவது தேவையற்றது.

தவணைக்கான இடம்

வங்கிகள் பொதுவாக எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாதச் சம்பளத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. அதனால் சிறிய தவணைகூட வீட்டுக் கடனில் பெரிய பள்ளத்தை உண்டாக்குகிறது. இருசக்கர வாகனத்துக்கோ கைப்பேசிக்கோ மாதம் 5,000 ரூபாய் கட்டிக்கொண்டிருப்பவரின் வீட்டுக் கடன் தகுதி, 8.5 சதவீதம், 20 ஆண்டு என்ற கணக்கில், 5.75 லட்சம் ரூபாய் அளவுக்குக் குறைந்துவிடும். விண்ணப்பிப்பதற்கு ஆறு மாதம் முன்பாவது சிறிய கடன்களை முடித்துவிடுங்கள். கைப்பேசிச் செயலிகளில் வாங்கும் உடனடிக் கடன்களை இந்தக் காலத்தில் தொடவே வேண்டாம். சில ஆயிரம் ரூபாயாக இருந்தாலும் ஒவ்வொன்றும் தனிக் கடனாகவும், கடன் கேட்டதற்கான தனி விசாரணையாகவும் அறிக்கையில் பதிவாகும்.

கணவன், மனைவி இருவருக்கும் வருமானம் இருந்தால் கூட்டாக விண்ணப்பிக்கலாம், வருமானம் கூடும். ஆனால் இருவர் அறிக்கையும் ஆராயப்படும் என்பதால், மேலே சொன்ன எல்லா வேலைகளையும் இருவரும் செய்திருக்க வேண்டும்.

ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருந்து, நாட்டில் எங்கும் சொந்தமாகப் பக்கா வீடு இல்லாத குடும்பங்கள், 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தையும் பார்க்க வேண்டும். 35 லட்சம் வரை மதிப்புள்ள வீட்டுக்கு 25 லட்சம் வரை கடன் வாங்கினால், முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியமாக, 1.80 லட்சம் ரூபாய் வரை ஐந்து ஆண்டுத் தவணைகளில் கிடைக்கும்.

விண்ணப்பிக்கும் மாதங்களில்

கடன் எங்கே வாங்குவது என்று தெரிந்துகொள்ள ஏழெட்டு வங்கிகளில் ஒரே நேரத்தில் விண்ணப்பித்துவிடாதீர்கள்; ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் ஒரு விசாரணையாகப் பதிவாகும். முதலில் வட்டி, கட்டணம் ஆகியவற்றை விசாரித்துவிட்டு, இரண்டு இடங்களில் மட்டும் முறையாக விண்ணப்பிப்பது போதும். வட்டி மாறும் வகைக் கடனை முன்கூட்டியே அடைத்தால் தனிநபரிடம் அபராதம் வாங்க முடியாது என்பதால், மாறும் வட்டியையே தேர்ந்தெடுப்பது பெரும்பாலானோருக்கு ஏற்றது. ஊக்கத்தொகை வரும் ஆண்டுகளில் அசலைக் குறைத்துக்கொள்ளலாம்.

விலை பேசி முன்பணம் கொடுக்கும் முன்பே வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா, திட்ட அனுமதி, ரெரா (வீட்டுமனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு, உங்கள் பெயருக்கு எழுதப்படும் நிலத்தின் பிரிபடாத பாகத்தின் அளவு ஆகியவற்றை உங்கள் சொந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வங்கி வழக்கறிஞர் பார்ப்பது வங்கியின் பாதுகாப்புக்காக. விற்பவருக்குக் கொடுக்கும் முன்பண ஒப்பந்தத்தில், ஆவணக் குறையால் கடன் மறுக்கப்பட்டால் முழுத் தொகையும் திரும்பக் கிடைக்க வேண்டும் என்ற வாசகத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். இதற்கு ஒப்பாத விற்பவரிடம் அவசரப்பட வேண்டாம்.

கடன் ஒப்புதல் கடிதம் வந்த பின்பும், பணம் கைமாறும் வரை கடன் அறிக்கையை வங்கி மறுபடியும் எடுத்துப் பார்க்கலாம். 2025ஆம் ஆண்டிலிருந்து கடன் தகவல்கள் குறைந்தது பதினைந்து நாட்களுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்கப்படுவதால், புது வீட்டுக்காகக் குளிர்சாதனப் பெட்டியையும் மரச்சாமான்களையும் தவணையில் வாங்கினால் அது விரைவிலேயே அங்கே தெரிந்துவிடும். பத்திரப்பதிவு முடிந்து காசோலை விற்பவர் கைக்குப் போகும் வரை புதிய தவணை எதையும் தொடங்காமல் இருங்கள். வேலை மாறும் எண்ணம் இருந்தால் அதையும் அதுவரை தள்ளிவையுங்கள்.