"சும்மா கொஞ்சம் சுகமில்லை": ஜிபி அப்பொயின்ட்மென்ட் எடுக்கும்போது நாம் விடும் பிழைகள்

போன கிழமை, காலை எட்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது, பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த பிள்ளை கைபேசியோடு என் குசினிக்குள் வந்து நின்றாள். லண்டனுக்கு வந்து ஐந்து மாதம். ஜிபிக்கு, அதாவது குடும்ப டொக்டரிடம் நேரம் கேட்டு, போன் எடுக்க வேண்டும். "அக்கா, பக்கத்தில நில்லுங்கோ, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். வரிசையில் முப்பத்தோராவது ஆள் என்றது இயந்திரக் குரல். நாங்கள் ஆளுக்கொரு தேநீர் குடித்து, கோப்பையையும் கழுவி வைத்த பிறகு உண்மையான மனிதர் ஒருவர் வந்தார். "என்ன பிரச்சினை?" என்று கேட்டார். இவள் என்னை ஒருக்கா பார்த்துவிட்டு, "நொட் ஃபீலிங் வெல்" என்றாள்.

அவ்வளவுதான். பன்னிரண்டு நாள் கழித்து ஒரு நேரம் கொடுத்தார்கள். "தேங்க் யூ, தேங்க் யூ" என்று வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் எனக்குச் சொல்கிறாள்: மூன்று நாளாகச் சிறுநீர் போகும்போது எரிகிறதாம், நேற்றிரவிலிருந்து காய்ச்சலாம், இடுப்புக்கு மேலே ஒரு பக்கம் குத்துகிறதாம். திரும்ப எடுக்க வைத்தேன். அந்த மூன்றையும் அப்படியே சொன்னாள். அன்று பகல் பதினொன்றரைக்கு டொக்டர் முன்னால் இருந்தாள்.

நானும் இதே பிழையை விட்டவள்தான். பிறகு நாலு வருடம் ஒரு ஜிபி சர்ஜரியின் (டொக்டரின் கிளினிக்கை இங்கே சர்ஜரி என்பார்கள்) முன்மேசையில் இருந்து, மற்றவர்கள் அதையே விடுவதைக் கேட்டவள். எட்டு மணிக்கு எடுக்க வேண்டும், பிறந்த திகதியைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விடுகிறேன்.

வருத்தத்தைச் சொல்லாமல் அப்பொயின்ட்மென்ட் கேட்பது

ரிசெப்ஷனில் இருப்பவர் "ஏன் டொக்டரைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டதும் நம்மவர்களுக்கு முகம் சுருங்கிவிடும். "இவ என்ன டொக்டரே? இவவுக்கு ஏன் நான் சொல்ல வேணும்?" ஊரில் டிஸ்பென்சரிக்குப் போனால் நம்பர் எடுத்துவிட்டு வாங்கில் இருந்தால் போதும், என்ன வருத்தம் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். அந்தப் பழக்கம் விமானத்தில் எங்களோடேயே வந்து இறங்கியிருக்கிறது.

இங்கே அந்தக் கேள்விதான் வாசல். அன்றைக்கென்று ஒதுக்கிய சில இடங்கள் இருக்கும், மற்றவை நாள் கழித்துப் போகும். யாருக்கு எது என்று பிரிப்பது நீங்கள் முதல் அரை நிமிடத்தில் சொல்லும் சொற்கள். இரத்தம், மூச்சு, மயக்கம், திடீரென்று, ஒரு பக்கம் என்று காதில் விழுந்தால் மேசையில் இருப்பவரின் கை நின்றுவிடும். உடனே டொக்டருக்குச் செய்தி போகும். "ஸ்டமக் ப்ரொப்ளம்" என்றால் கை நிற்காது. அடுத்த வெற்றிடம் எங்கே என்று நாட்காட்டியைத் தள்ளிக்கொண்டே போகும். எனக்குத் தெரியும், தள்ளியது என் கைதான்.

என் கதையைச் சொல்கிறேன். வந்து மூன்றாவது வருடம், ஒரு அலுவலகத்தில் துப்புரவு வேலை. முதுகு நோவுக்குச் சுப்பர்மார்க்கெட்டில் இபுபுரூஃபன் வாங்கி, விடிய நாலரை மணிக்கு வெறும் வயிற்றில் இரண்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவேன். மாதக்கணக்காக. ஒரு நாள் மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனது. அடுத்த நாளும். போன் எடுத்தேன். என்ன பிரச்சினை என்றார்கள், வயிற்றில் பிரச்சினை என்றேன். எவ்வளவு நாளாக, சில நாளாக. அவசரமா என்று வேறு கேட்டார்கள். வாயில் தானாக வந்தது: "நோ நோ, இட்ஸ் ஓகே." பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். மலம் கறுப்பாகப் போகிறது என்பதை முன்பின் தெரியாத ஒருவரிடம் நான் எப்படிச் சொல்வது? அந்த ஆங்கிலச் சொல்லும் எனக்கு அப்போது தெரியாது.

ஆறாம் நாள் பஸ்ஸில் மேல்தட்டிலிருந்து இறங்கும்போது படியில் விழுந்தேன். ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, வாய்வழியாகக் கமரா. இரைப்பையில் புண், இரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. இரண்டு பை இரத்தம் ஏற்றினார்கள். எத்தனை நாளாகக் கறுப்பாகப் போகிறது என்று கேட்ட இளம் டொக்டரிடம் "எட்டு நாள்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த வேலையும் போய்விட்டது.

இதில் இன்றைக்கும் என்னைச் சினக்க வைப்பது அந்த "இட்ஸ் ஓகே" தான். மரியாதைக்குச் சொல்கிற சொல் அது. வீட்டுக்கு வந்தவர் "சாப்பிடுறீங்களோ" என்று கேட்டால் "பரவாயில்லை" என்போமே, அதே சொல். ரிசெப்ஷனில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இவருக்கு அவசரமில்லை.

இன்னொன்று, எங்கள் சொற்களை அப்படியே ஆங்கிலத்துக்கு ஏற்றுவது. நான் மேசையில் இருந்த காலத்தில் அறுபது தாண்டிய ஒரு ஐயா நேரே வந்து, "கேஸ், மேடம், கேஸ்" என்றார். பக்கத்து மேசைப் பெண் நாலு நாள் கழித்து ஒரு நேரம் போடப் போனாள். மாசி மாதக் குளிரில் அவருடைய நெற்றி வேர்த்திருந்தது. நான் தமிழில் கேட்டேன், "ஐயா, வாய்வு எங்க நிக்குது?" அவர் நெஞ்சின் நடுவைத் தொட்டுவிட்டு இடது கையைத் தடவினார். நான் 999க்கு, அவசர ஆம்புலன்ஸுக்கு, எடுத்தேன். மாரடைப்பு. நெஞ்சு இறுக்கம், மூச்சு முட்டல், ஒரு பக்கம் கை கால் விழுதல், வாய் கோணல் என்றால் சர்ஜரிக்குப் போன் எடுத்து வரிசையில் நிற்கவே கூடாது. வாய்வு, சூடு, குளிர்ச்சி எல்லாம் எங்களுக்குள் கதைக்க நல்ல சொற்கள். போனில் எங்கே நோகிறது, எப்படி நோகிறது என்று சொல்லுங்கள்.

சொல்லவேண்டியதை எடுப்பதற்கு முன் ஒரு துண்டில் எழுதி வையுங்கள். என்ன, எத்தனை நாளாக, நேற்றைவிட இன்று என்ன கூடியிருக்கிறது, எதைச் செய்ய முடியாமல் இருக்கிறது, என்ன மருந்து எடுக்கிறீர்கள். "வயிற்று நோ" என்று எழுதாதீர்கள். "நாலு நாளாக வலது பக்க அடிவயிறு, இரவில் நித்திரை இல்லை, நேற்றிலிருந்து சத்தி" என்று எழுதுங்கள். மிகைப்படுத்தவும் வேண்டாம். ஒரு தரம் பொய் சொல்லி உள்ளே போனால், அடுத்த தரம் உங்கள் உண்மையையும் பாதிதான் நம்புவார்கள்.

வெட்கம் என்றால் வழி இருக்கிறது. மேசையில் நிற்கும்போது பின்னால் தெரிந்த அன்ரி ஒருவர் நின்றால், தனியாகச் சொல்லலாமா என்று கேளுங்கள், பக்கத்தில் கூட்டிப்போவார்கள். பெண் டொக்டர் வேண்டும் என்றும் கேட்கலாம். வாயால் சொல்ல முடியாவிட்டால் எழுதிக் கொடுங்கள்.

பிள்ளையைக் கொண்டு கதைப்பிப்பது

பத்துப் பதினொரு வயதுப் பையன், எங்கள் மேசைக்கு மேலே கண் மட்டும் தெரியும். பின்னால் அம்மா. மாதவிடாய் மூன்று கிழமையாக நிற்கவில்லை என்று அவர் சொல்ல வேண்டும். மகனிடம் எப்படிச் சொல்வார்? "அலுப்பா இருக்கெண்டு சொல்லு" என்றார். பையன் "மம் இஸ் டயர்ட்" என்றான். பள்ளிக்கு வேறு நேரமாகிவிட்டது அவனுக்கு.

பதிவு செய்யும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவையுங்கள். என்.எச்.எஸ்.ஸில், அதாவது இங்கத்தைய அரச மருத்துவ சேவையில், அதற்குக் காசு இல்லை. பெரும்பாலும் போன் வழியாக இணைப்பார்கள். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் கதைக்க வேண்டியிருப்பதால் இரட்டை நேரமும் சேர்த்துக் கேளுங்கள்.

"நாளைக்கு எட்டு மணிக்கு எடுங்கோ" என்றதும் வைத்துவிடுவது

2023இல் இங்கிலாந்து ஜிபி ஒப்பந்தத்தில் இதை மாற்றிவிட்டார்கள். முதல் தரம் தொடர்புகொள்ளும்போதே உங்கள் தேவையைப் பார்க்க வேண்டும், அல்லது சரியான இடத்தைக் காட்ட வேண்டும். இடம் முடிந்துவிட்டது, பிறகு எடுங்கள் என்று அனுப்பக் கூடாது. சண்டை பிடிக்காமல், "அப்போ நான் இப்ப என்ன செய்ய வேணும்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். மறுமுனையில் இருப்பவர் ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

2025 அக்டோபர் 1 முதல் வார நாட்களில் காலை 8 முதல் மாலை 6.30 வரை இணையப் படிவமும் திறந்திருக்க வேண்டும் என்று விதி. முன்பெல்லாம் சில இடங்களில் ஒன்பது மணிக்கே அதை மூடிவிடுவார்கள். அவசரமில்லாத விஷயத்துக்கு இதுதான் நல்லது. தமிழில் யோசித்து, மகளைக் கேட்டு, அகராதி பார்த்து ஆறுதலாக எழுதலாம். பின்னால் யாரும் நிற்கவும் மாட்டார்கள்.

டொக்டரைத்தான் பார்ப்பேன் என்று அடம்பிடிப்பது

நேர்ஸ் என்றால் குறைவு, பார்மசிக்காரர் என்றால் அதைவிடக் குறைவு என்று ஒரு எண்ணம். இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 முதல் ஏழு வருத்தங்களுக்குப் பார்மசியிலேயே பார்த்து, தேவையென்றால் அன்டிபயோட்டிக்கும் தருகிறார்கள்: தொண்டை நோ, சைனஸ், பிள்ளைகளின் காது நோ, கிருமி பிடித்த பூச்சிக்கடி, அக்கி, இம்பெட்டிகோ என்கிற தோல் தொற்று, 16 முதல் 64 வயது வரையான பெண்களுக்குச் சிக்கலில்லாத சிறுநீர்த் தொற்று. பக்கத்து வீட்டுப் பிள்ளை எரிவு மட்டும் இருந்த முதல் நாளே அங்கே போயிருக்கலாம். காய்ச்சலும் முதுகு நோவும் வந்த பிறகு பார்மசியிலும் டொக்டரிடம்தான் அனுப்புவார்கள்.

சுகமில்லை என்று வேலைக்குக் கொடுக்கும் கடிதத்துக்காகவும் பலர் வரிசையில் நிற்கிறார்கள். முதல் ஏழு நாளுக்கு டொக்டர் கடிதம் தேவையே இல்லை, நீங்களே எழுதிக் கொடுக்கலாம்.

நம்பர் தெரியாத அழைப்பை எடுக்காமல் விடுவது

கடன்காரன், மோசடிக்காரன், டொக்டர் மூன்று பேரும் "நோ காலர் ஐடி"யில்தான் வருவார்கள். டொக்டர் இரண்டு தரம் எடுத்துப் பார்ப்பார், பிறகு "தொடர்புகொள்ள முடியவில்லை" என்று எழுதி மூடிவிடுவார். டொக்டர் எடுப்பார் என்று சொன்ன அந்த நாள் மட்டும் எல்லா அழைப்பையும் எடுங்கள்.

பதிவு செய்யப் பயப்படுவது

முகவரிச் சான்று, அடையாள அட்டை, விசா எதுவும் காட்டாமல் இங்கிலாந்தில் ஜிபியிடம் பதியலாம். இல்லையென்று யாராவது சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பலமுறை அந்த இடத்திலேயே பதிந்துவிடுவார்கள்.

ஒரு நேரத்துக்குள் ஐந்து வருத்தம்

பத்து நிமிடம்தான். பெரியதை முதலில் சொல்லுங்கள், எழும்பும்போது அல்ல.

போகாமல் விடுவது

கான்சல் பண்ணுங்கள்.

வெள்ளி பின்னேரம் மருந்து முடிவது

வழமையான மருந்தை என்.எச்.எஸ். அப்பில் ஒரு கிழமைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். முடிந்தே போய்விட்டதென்றால் திங்கள் எட்டு மணி வரை காத்திருக்காமல் 111க்கு, என்.எச்.எஸ். உதவி எண்ணுக்கு, எடுங்கள். மருந்தின் பெயர் வாயில் வராது, வெறும் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கதையுங்கள்.