கேரவனில் நேபாளம்: வண்டியை எதுவரை ஓட்டலாம், எங்கே நிறுத்தலாம்

கேரவன் எடுத்துக்கொண்டு நேபாளம் போகலாமா என்று யாராவது கேட்டால், உள்ளே எத்தனை கட்டில், ஏசி உண்டா என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான். ஆர்.சி. யார் பேரில் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். சென்னை பாரிமுனையில், சுங்கத்திலிருந்து சரக்கை விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் ஆபீஸ் வேலையிலேயே தலை நரைத்தவன் நான். ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸின் எந்தப் படி வழுக்கும் என்பது என் செருப்புக்கே தெரியும். வீடு காலடிப்பேட்டையில். மாதவரத்தில் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிற என் மச்சான், டெம்போ டிராவலருக்குள் கட்டில், சிங்க், கக்கூஸ் எல்லாம் வைத்துக் கொடுக்கிறார். அங்கே வருகிறவர்கள் முக்திநாத், பசுபதிநாத் என்று பேச்செடுத்தால் உடனே என்னிடம் அனுப்பிவிடுவார். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லையில் நீங்கள் பயணி, உங்கள் வண்டி சரக்கு. இது மண்டையில் ஏறிவிட்டால் மீதி எல்லாம் சுலபம். சுங்க அதிகாரியின் கண்ணில் உங்கள் கேரவன் தற்காலிகமாக உள்ளே வந்த இறக்குமதி. திரும்பிப் போய்விடும் என்கிற பேச்சின் பேரில்தான் வரி கேட்காமல் விடுகிறார்கள். போகவில்லை என்றால் வரி உங்கள் தலையில். நேபாளத்தில் காருக்குப் போடும் வரிகளைக் கூட்டினால் வண்டியின் விலையையே தாண்டிவிடும்.

வெளிநாட்டுக்காரர்கள் சிலர் சொந்த வண்டியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு இந்தியாவுக்கு வந்து ஊர் சுற்றுவார்கள். அவர்கள் கையில் கார்னே என்று ஒரு புத்தகம் இருக்கும். ஒவ்வொரு தாளிலும் மூன்று துண்டு. உள்ளே வரும்போது ஒன்றைக் கிழித்துக்கொள்வார்கள், வெளியே போகும்போது இன்னொன்று. மூன்றாவது துண்டில் இரண்டு முத்திரையும் விழுந்து புத்தகத்திலேயே தங்க வேண்டும். வெளியேறிய முத்திரை விழவில்லை என்றால், புத்தகம் கொடுத்த ஆட்டோமொபைல் சங்கத்திடம் அந்த நாடு வரி கேட்கும். சங்கம் உங்கள் டெபாசிட்டில் கை வைக்கும். ஈரான், துருக்கி என்று நீண்ட பயணம் கிளம்புகிறவர்களுக்கு இந்தப் புத்தகம் வேண்டும். நேபாளத்துக்கு இந்தியப் பதிவு வண்டிக்கு வேண்டாம். எல்லையில் இருக்கும் சுங்க அலுவலகத்தில், அங்கே அதைப் பன்சார் என்பார்கள், எத்தனை நாள் என்று சொல்லித் தினக் கட்டணம் கட்டிச் சீட்டு வாங்கினால் போதும். வருடத்துக்கு 30 நாள்தான் உச்சவரம்பு. சீட்டு வாங்கும்போதே இரண்டு நாள் சேர்த்துக் கட்டிவிடுங்கள். மலைப்பாதையில் மண் சரிந்து ஒருநாள் மாட்டிக்கொண்டால், அபராதத்தோடு ஒப்பிடும்போது அது சில்லறைக் காசு.

சரி, ஆர்.சி. விஷயத்துக்கு வருகிறேன். சொந்தப் பேரில், வெள்ளை போர்டில் இருந்தால் வேலை சுலபம். அண்ணன் பேரில் இருந்தால் அவரிடம் எழுத்தில் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். கடன் வண்டி என்றால் பேங்கிலிருந்து ஆட்சேபம் இல்லை என்று ஒரு கடிதம். வாடகை கேரவன் என்றால், நாட்டைத் தாண்ட உரிமையாளர் சம்மதிக்கிறாரா என்பதை வாயால் கேட்டால் போதாது, ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். மஞ்சள் போர்டுக்குப் பர்மிட் வழிமுறையே வேறு. ‘பார்த்துக்கலாம் சார்’ என்று டிரைவர் சொல்வதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

ஆர்.சி.யில் வண்டியின் வகை என்ன என்பதையும் பாருங்கள். இருக்கையைக் கழற்றிக் கட்டில் போட்டால், 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. ஒப்புதல் வாங்கி ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். மச்சானிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். ஊருக்குள் யாரும் கேட்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பயணிகள் வண்டி, உள்ளே அடுப்படி என்ற நிலைமையை இன்சூரன்ஸ் சர்வேயர் சும்மா விடமாட்டார்.

இன்சூரன்ஸ் என்றதும் முக்கியமான ஒன்று. நம் மோட்டார் பாலிசி இந்திய எல்லையோடு நின்றுவிடும். நேபாளம், பூட்டானுக்கு நீட்டிக்க ஐ.எம்.டி. 1 என்கிற இணைப்பு உண்டு. பழைய இந்திய மோட்டார் டாரிஃபில் முழு பாலிசிக்கு 500 ரூபாய், தேர்ட் பார்ட்டிக்கு மட்டும் 100 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். இன்றைக்கு உங்கள் கம்பெனி எவ்வளவு கேட்டாலும் பெரிய தொகையாக இருக்காது. ஏஜென்ட்டுக்கே தெரியாமல் இருக்கலாம், இணைப்பின் பேரைச் சொல்லிக் கேளுங்கள். ஆட்களுக்குத் தனியாகப் பயணக் காப்பீடு எடுக்க வேண்டும். மெடிக்ளெய்ம் பெரும்பாலும் இந்திய ஆஸ்பத்திரிக்குத்தான் பணம் தரும்.

ஆட்களின் அடையாள அட்டையில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். நேபாளத்துக்கு நமக்கு விசா இல்லை. பாஸ்போர்ட் அல்லது ஓட்டர் ஐடி வேண்டும், ஆதார் செல்லாது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் 15 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் மட்டும் ஆதார், ரேஷன் கார்டு போன்றவற்றில் சலுகை உண்டு. 15 முதல் 18 வரையிலான பிள்ளைகளுக்குத் தலைமை ஆசிரியர் சான்றிதழ் செல்லும். லீவுக்கு வந்த பேரன் அமெரிக்க பாஸ்போர்ட்காரன் என்றால் அவனுக்கு நேபாள விசா தனி. இந்தியாவுக்குள் திரும்பி நுழைய ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) கையில் இருக்க வேண்டும். வீட்டு பீரோவில் இருந்தால் பிரயோஜனம் இல்லை.

இனி லாபக் கணக்கு. கேரவனின் உண்மையான லாபம் கட்டில் இல்லை, கக்கூஸ்தான். சர்க்கரை இருக்கிற மாமியார், முட்டிவலி அம்மா, தீட்டு நாளில் மாட்டிக்கொண்ட மகள், இவர்களோடு நாக்பூர், ஜபல்பூர், ரேவா என்று போய்ப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வேளாவேளைக்கு ரசம் சாதம், சொந்தத் தலையணை, யாரிடமும் சாவி கேட்காத கழிப்பறை. இதற்காக வண்டிக்குச் செலவழிக்கலாம்.

ஆனால் அந்த லாபம் எங்கே கிடைக்கிறது என்று பாருங்கள். வடசென்னை மூலக்கடையிலிருந்து சுனௌலி எல்லைக்கு 2,000 கி.மீ. அளவு, அத்தனையும் இந்தியாவுக்குள். சுனௌலியைத் தாண்டினால் லும்பினி 30 கி.மீ.க்குள், பொக்காரா 200 கி.மீ.க்குள். லாபத்தில் பெரும்பகுதி இந்தப் பக்கமே முடிந்துவிடுகிறது, ஆபத்தில் பெரும்பகுதி அந்தப் பக்கம்தான் ஆரம்பிக்கிறது. போவதா வேண்டாமா என்றே எல்லோரும் யோசிக்கிறார்கள். வண்டியை எங்கே நிறுத்துவது என்பதுதான் போட வேண்டிய கணக்கு.

அந்தப் பக்கத்து ஆபத்தில் முதலாவது மலைப்பாதை. 2024 ஜூலை 12 அன்று நாராயண்காட்–முக்லிங் சாலையில் மண் சரிந்து இரண்டு பஸ்கள் திரிசூலி ஆற்றுக்குள் போயின. அடுத்த மாதமே, ஆகஸ்ட் 23 அன்று, இந்தியப் பயணிகளோடு போன பஸ் மர்ஸ்யாங்டி ஆற்றில் விழுந்து 27 பேர் இறந்தார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கமே வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் உத்தரப் பிரதேசத்துச் சமவெளியில் மூடுபனி, பத்தடிக்கு முன்னால் லாரி நிற்பது தெரியாது. அக்டோபர் கடைசி, நவம்பர், மார்ச், ஏப்ரல் சரியான காலம்.

இரண்டாவது ஆபத்து அரசியல். 2015 கடைசியில் ரக்சால்–பீர்கஞ்ச் வழி மாதக்கணக்கில் அடைபட்டு, நேபாளத்தில் பெட்ரோல், கேஸ் இல்லாமல் தவித்தார்கள். 2025 செப்டம்பரில் காத்மாண்டுவில் இளைஞர் போராட்டம் வெடித்து, பிரதமர் ஒலி பதவி விலகினார், விமான நிலையத்தையே மூடினார்கள். பஸ்ஸில் போனவர் அந்த நேரத்தில் கிடைத்த வழியில் நடந்தாவது ஊர் திரும்பலாம். வண்டியோடு போனவர் வண்டியை விட்டுவிட்டு வர முடியாது, பன்சார் சீட்டு அவர் பேரில் இருக்கிறது. கேரவன் சுதந்திரம் என்று விளம்பரம் போடுகிறவர்கள் இந்த ஒன்றை எழுதுவதே இல்லை.

ஆகையால் என் கணக்கு இப்படி. வாடகை வண்டியோ கடன் வண்டியோ என்றால், எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் கோரக்பூரில் காவல் இருக்கும் ஓட்டல் வளாகத்தில் நிறுத்திவிட்டு, உள்ளூர் வண்டி பிடித்து எல்லையைத் தாண்டுங்கள். சொந்த வண்டி, வயதானவர்கள் கூட இருக்கிறார்கள் என்றால் லும்பினியோ பொக்காராவோ வரை ஓட்டலாம். முக்திநாத்துக்கு மட்டும் கேரவனை ஏற்ற வேண்டாம், சொந்த வண்டியாக இருந்தாலும் சரி. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் அதுதான் என்பார்கள், போகத்தான் வேண்டும், ஆனால் கோயில் 3,700 மீட்டருக்கு மேல். பெனியிலிருந்து ஜோம்சோம் போகும் பாதையில் கட்டிலும் தண்ணீர் டேங்கும் சுமந்த உயரமான வண்டி தேவையில்லாத வம்பு. பொக்காராவில் ஜீப் எடுங்கள், அல்லது ஜோம்சோமுக்கு விமானம். வயதானவர்களுக்கு அந்த உயரத்தில் மூச்சு வாங்கும். டாக்டரிடம் கேட்காமல் அழைத்துப்போகாதீர்கள்.

கிளம்புவதற்கு முன் ஒத்திகை அவசியம். வடசென்னைக்காரர்களுக்கு முதல் எல்லை ஆரம்பாக்கம் தாண்டித் தடாவிலேயே வந்துவிடுகிறது. ஜி.என்.டி. ரோட்டில் ஏறி ஸ்ரீகாளஹஸ்தி வரை போய், குடும்பம் மொத்தமும் ஒரு ராத்திரி வண்டிக்குள்ளேயே தூங்கிப் பாருங்கள். யார் குறட்டை விடுவார், கக்கூஸ் டேங்க் எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறது, இரண்டும் தெரிந்துவிடும். போகிற வழியில் கன்டெய்னர் லாரிகள் நிற்கும் எடை மேடை ஒன்றில் ஏற்றி, ஆள், தண்ணீர், சாமான் எல்லாவற்றோடும் எடை போடுங்கள். ஆர்.சி.யில் எழுதியிருக்கும் மொத்த எடையைத் தாண்டினால் மலையில் பிரேக் சூடேறும். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. மலை ஏறும் முன் டேங்கைக் காலி செய்து, மேலே போய் நிரப்பிக்கொள்ளலாம்.

சமையலுக்கு இன்டக்‌ஷன் அடுப்பும் நல்ல பேட்டரியும் போதும். 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் சிலிண்டர் வைத்துச் சமைக்கப்போய்த் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தது நினைவிருக்கும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு படுத்திருக்கும். வண்டிக்குள் அதே தரையோடுதான் நாமும் படுத்திருப்போம். அப்புறம், காசிமேட்டுக் கருவாடு. உத்தரப் பிரதேச வெயிலில் மூடிய வண்டிக்குள் அதோடு ஒரு பகல் இருந்து பார்த்தால், மாமியாரே அதை வெளியே எறியச் சொல்வார்.

டீசல் வண்டிக்கு, புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் ஆட்புளூ திரவக் கேன் ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பணம் 100 ரூபாய் நோட்டாக இருக்கட்டும். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே 1.60. அவர்கள் கடிகாரம் நம்முடையதைவிடக் கால் மணி நேரம் முந்தி ஓடும், சுங்க அலுவலகக் கவுன்டர் மூடுவதும் அந்தக் கணக்கில்தான். எல்லையைத் தாண்டியதும் உள்ளூர் சிம். போலீஸ் 100, ஆம்புலன்ஸ் 102, சுற்றுலாப் போலீஸ் 1144.

மற்ற நாடுகளைப் பற்றியும் கேட்கிறார்கள். பூட்டானில் நம்மவருக்குத் தலைக்கு ஒரு ராத்திரிக்கு 1,200 ரூபாய் கட்டணம், சொந்த வண்டிக்குத் தினம் 4,500 தனி. எல்லையில் நம் பக்கத்து ஊரான ஜெய்கானில் நிறுத்திவிட்டு அவர்கள் வண்டியில் போவதே மேல். இலங்கைக்கு நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023-ல் தொடங்கிய கப்பல் ஆட்களுக்குத்தான், கார் ஏற்றிக்கொண்டு போக முடியாது. பர்மா என்றால், அங்கிருந்து திரும்பி வந்து வியாசர்பாடியில் குடியேறிய பழைய ஆட்களுக்கு இன்னும் கண் பளிச்சிடும், மணிப்பூர் எல்லை ஊரான மோரேயில் தமிழ்க் கோயிலே இருக்கிறது. ஆனால் 2021 ராணுவ ஆட்சிக்குப் பிறகு அங்கே நடப்பதையும் 2023 முதல் மணிப்பூர் இருக்கும் நிலைமையையும் பார்த்தால், குடும்பத்தோடு அந்த ரோட்டில் போகச் சொல்ல மாட்டேன்.

திரும்பும்போது கூட்டத்தோடு கூட்டமாக இந்தியப் பக்கம் வண்டியைத் திருப்பிவிடாதீர்கள். பன்சார் அலுவலகத்தில் இறங்கி, வண்டி வெளியேறியதைப் பதிவு செய்தார்களா என்று கண்ணால் பார்த்துவிட்டு நகருங்கள். சீட்டை ஒப்படைக்கும் முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதே வருடத்தில் இன்னொரு முறை போனால், 30 நாளில் எத்தனை மிச்சம் என்று காட்ட அது உதவும்.