ரிசப்ஷனுக்குச் செருப்பு வாங்குவது: கல்யாணப் பெண்ணுக்கான செய்முறை

முகூர்த்தத்துக்குச் செருப்பே வேண்டாம், மணவறையில் வெறுங்கால்தான். பாடுபடுத்துவது ரிசப்ஷன். மூன்று நான்கு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். பெரியவர்கள் மேடையேறும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலில் விழ வேண்டும். நிற்பதற்கும் கழற்றுவதற்கும் தோதானதாகப் பாருங்கள். நடக்கச் சுகமாக இருக்கிறதே என்று மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

1. அளவு

சாயங்காலம் எடுங்கள். பகலெல்லாம் நடந்து பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும், ரிசப்ஷன் நேரத்திலும் அப்படித்தான் இருக்கும். வெள்ளைத்தாள் மேல் எழுந்து நின்று, வேறொருவரை விட்டு வரையச் சொல்லுங்கள். உட்கார்ந்து வரைந்தால் அளவு குறைந்துவிடும். நீளம், விரல்கள் தொடங்கும் இடத்தின் அகலம், இரண்டையும் செ.மீ.யில் குறித்து, பெரிய காலுக்கு வாங்குங்கள். ஆன்லைனில் வாங்கினால் 5, 38 என்ற நம்பரை நம்பாமல் செ.மீ. பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

2. ஹீல்

2 அங்குல ப்ளாக் ஹீல் (அகலமான கட்டை ஹீல்), இல்லையென்றால் வெட்ஜ் (குதியிலிருந்து முன்பக்கம் வரை இடைவெளியில்லாத அடி). பென்சில் ஹீல் வேண்டவே வேண்டாம். மேடைப் பலகைகளின் இடுக்கில் கார்ப்பெட்டோடு சேர்ந்து இறங்கிவிடும். மாப்பிள்ளை உயரத்துக்கு ஈடுகட்ட வேண்டுமானால் முன்பக்கமும் தூக்கலாக இருக்கும் ப்ளாட்பார்ம் வாங்குங்கள். பின்னால் 3, முன்னால் 1 அங்குலம் என்றால் பாதம் சாய்வது 2 அங்குலம்தான். அதற்காக மெல்லிய தட்டைச் செருப்புக்கும் போய்விடாதீர்கள். அடியில் மெத்து இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் குதிகால் வலிக்கத் தொடங்கும்.

3. மெட்டி, கொலுசு

ரிசப்ஷன் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் என்றால் மெட்டியைப் பற்றிக் கவலையில்லை. பிறகு என்றால், இரண்டு காலிலும் இரண்டாவது விரலில் மெட்டி இருக்கும். முன்பக்கம் மூடிய ஷூ அதைப் பக்கத்து விரலில் அழுத்தும். மெட்டியையும் கொலுசையும் கடைக்கே எடுத்துப்போய், போட்டுக்கொண்டு பாருங்கள். செருப்பின் வார் மெட்டிக்கு ஒரு விரற்கடையாவது பின்னால் இருக்க வேண்டும்.

கணுக்காலில் பக்கிள் வைத்தது கொலுசு முத்தில் மாட்டும். பட்டுச்சேலையும் நகையுமாகக் குனிந்து அதைக் கழற்றவும் முடியாது, ஒவ்வொரு தடவையும் யாராவது காலடியில் உட்கார வேண்டிவரும். பின்னால் எலாஸ்டிக் வார் உள்ளதே நல்லது. வாரில் ஒட்டிய கல்லை விரலால் தடவிப் பாருங்கள். நெருடினால் ஜரிகையையோ லெஹங்கா நெட்டையோ இழுத்துவிடும்.

4. சேலை உயரம்: பெரும்பாலோர் தவறவிடுவது இதைத்தான்

செருப்பு முதலில், சேலைக்கு மடிப்பு வைப்பது அதற்குப் பிறகு. முன்கூட்டியே கொசுவம் மடித்து அயர்ன் செய்து தருபவர்கள், இடுப்பிலிருந்து தரை வரையுள்ள அளவைக் கேட்பார்கள். வெறுங்காலில் எடுத்த அளவைக் கொடுத்தால், 2 அங்குல ஹீலில் சேலை தூக்கிக்கொண்டு நிற்கும், பாவாடையும் தெரியும். அதனால் இரண்டு அளவு கொடுங்கள்: முகூர்த்தச் சேலைக்கு வெறுங்காலோடு, ரிசப்ஷன் சேலைக்குச் செருப்போடு. செருப்பு போட்டு நின்றால் விளிம்பு தரைக்கு அரை அங்குலம் மேலே இருப்பதுதான் சரி. லெஹங்கா தைப்பவரிடமும் அதே செருப்போடு நின்று அளவு கொடுங்கள்.

கால் வலித்தால் மாற்றிக்கொள்ள ஒரு தட்டைச் செருப்பு பையில் இருக்கட்டும் என்று பலரும் சொல்வார்கள். சேலைக்கு அது ஆகாது. உயரம் 2 அங்குலம் இறங்கியதும் கொசுவம் தரையில் புரளும், மேடைப்படியில் இறங்கும்போது மிதிபட்டு அவிழும். மாற்றுச் செருப்பும் அதே உயரத்தில் இருக்கட்டும், மிஞ்சினால் அரை அங்குல வித்தியாசம்.

5. பழக்குதல்

பத்து நாளுக்கு முன்பே ஆரம்பியுங்கள். முதல் நாள் 20 நிமிடம், பிறகு 45, பிறகு ஒரு மணி நேரம். வீட்டில் நடந்து மட்டும் பார்த்தால் போதாது, ஒரே இடத்தில் நின்று பாருங்கள். எரிகிற இடம்தான் பிறகு கடிக்கிற இடம். அன்றைக்கு அங்கே செருப்பு போடுவதற்கு முன்பே மைக்ரோபோர் டேப் (மருந்துக்கடையில் கிடைக்கும் மெல்லிய காகித டேப்) ஒட்டிவிடுங்கள். கொப்புளம் வந்த பிறகு ஒட்டிப் பயனில்லை. முன்பாதம் வலித்தால் ஜெல் பேட் வைக்கலாம், ஆனால் அது உள்ளே இடத்தை அடைக்கும். ஏற்கெனவே இறுக்கமான செருப்பில் வைத்தால் விரல் மரத்துப்போகும்.

புது அடிப்பகுதி மண்டபத்து கிரானைட்டில் வழுக்கும். 80 நம்பர் உப்புத்தாளால் அடியில் குறுக்காகப் பத்துப் பதினைந்து தடவை தேயுங்கள்.

பிற்சேர்க்கை: அக்கா கல்யாணச் செருப்பையே போடலாமா?

சைஸ் சரியாக இருந்தால் போடலாம். முதலில் அடிப்பகுதியை இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள். பி.யு. (பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருள்) சோல் என்றால், பீரோவில் சும்மா இருந்தாலும் சில வருடங்களில் காற்றின் ஈரத்தால் உள்ளுக்குள் சிதைந்துவிடும். பார்வைக்குப் புதிது போல இருப்பது மேடையில் ரொட்டித் தூளாக உதிரும். வளைக்கும்போது வெடிப்பு தெரிந்தாலோ, கையில் பிசுபிசுத்தாலோ அதை விட்டுவிடுங்கள். ஒட்டுப்போட்டும் நிற்காது.